வீட்டிலேயே ரிமோட் படகு கட்டி ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்போவது கடையில் வாங்கும் பொம்மைப் படகைப் பற்றி அல்ல. காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் வரிசையாக நிற்கும் விசைப்படகுகளின் சாயலில், ஒரு மோட்டாரும் ஒரு சுக்கானும் வைத்து, 60 சென்டிமீட்டர் நீளத்தில் நாமே கட்டும் படகைப் பற்றி. கேள்விகள் பலவிதம் என்றாலும் பெரும்பாலான பதில்களுக்கு அடியில் ஒரே யோசனைதான் ஓடும்: முழுதாகக் கட்டி முடித்துவிட்டுத் தண்ணீரில் இறக்காதீர்கள், தண்ணீரில் இறக்கிப் பார்த்துப் பார்த்துக் கட்டுங்கள்.

முதல் படகு என்பதால் சின்னதாக ஆரம்பிப்பதுதானே நல்லது?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். படகைப் பொறுத்தவரை சின்னது என்றால் கஷ்டம் அதிகம். 25, 30 சென்டிமீட்டர் படகில் பேட்டரியை வைத்தாலே பாதி முங்கிவிடும், லேசான அலைக்கே புரண்டுவிடும், உள்ளே கையை விட்டு ஒரு வயரைக் கழற்றக்கூட இடம் இருக்காது. 60 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோகலாம், சாதாரணமாகக் கிடைக்கும் மோட்டாரும் பேட்டரியும் தாராளமாக உட்காரும். ஒரு மீட்டரைத் தாண்டினால் படகு இன்னும் அழகாக ஓடும், ஆனால் தூக்கிப்போக வண்டி வேண்டும், கூட ஓர் ஆள் வேண்டும்.

எதில் கட்டுவது? தெர்மாகோலா, பலகையா, ஃபைபரா?

என் ஓட்டு 3 மில்லிமீட்டர் சன்போர்டுக்கு. விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் வெட்டிப்போட்ட துண்டுகளாகவே கேட்டு வாங்கலாம். அது பிவிசி நுரைத் தகடு என்பதால் தண்ணீர் குடிக்காது, பேப்பர் கட்டரிலேயே வெட்டிவிடலாம், ஹாட் ஏர் கன் காட்டினால் வளையும், பிவிசி பைப் ஒட்டுகிற பசையே இதையும் பிடிக்கும். மூலைகளில் உள்பக்கமாக எம்-சீலை விரலால் இழுத்துவிட்டால் ஒழுகலும் இருக்காது, பலமும் கூடும். அடி, இரண்டு பக்கம், பின்சுவர், மேல்தட்டு எல்லாம் சேர்த்து 60 சென்டிமீட்டர் படகுக்கு 600 முதல் 700 கிராம் தகடு ஆகும். 5 மில்லிமீட்டர் எடுத்தால் இது ஒரு கிலோவைத் தொட்டுவிடும், அந்தக் கூடுதல் கனத்தால் இந்த அளவுப் படகுக்குப் பிரயோஜனம் ஒன்றும் இல்லை.

தெர்மாகோல் மிதக்கும், சரி, ஆனால் கல்லில் இடித்தால் உதிரும். ஃபெவிக்விக், பெட்ரோல், ஸ்ப்ரே பெயின்ட், ஃபைபர் வேலைக்கு ஊற்றும் பாலியஸ்டர் ரெசின் எல்லாமே அதைக் கரைத்துவிடும். எபாக்ஸி மட்டும் ஒன்றும் செய்யாது. அதனால் தெர்மாகோலைப் படகின் உள்ளே அடைக்க வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வேண்டாம். ஏரா (படகின் அடிமரம்) போட்டு, வங்கு (விலா எலும்புபோல் நிற்கும் சட்டங்கள்) நிறுத்தி, மெல்லிய ப்ளைவுட் பட்டைகளை வளைத்து உண்மையான படகு கட்டுகிற முறையிலேயே செய்வதுதான் இதில் உச்சம், பார்க்கவும் அவ்வளவு லட்சணமாக இருக்கும். ஆனால் அதை இரண்டாவது படகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபைபரும் அப்படித்தான், அதில் கலக்கும் ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடவே கூடாது.

இவ்வளவு எடையைத் தாங்குமா என்று கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடிஸ் போதும். படகு எத்தனை கன சென்டிமீட்டர் தண்ணீரை விலக்குகிறதோ அத்தனை கிராம் தாங்கும். 60 × 20 என்றால் 1,200 சதுர சென்டிமீட்டர். அணியம், அதாவது முன்பக்கம், கூராகப் போவதாலும் அடிப்பாகம் ஓரங்களில் மேலேறுவதாலும் இதில் முக்கால் பங்குதான் கணக்கில் வரும், அதாவது 900. ஆக ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆழத்துக்கும் 900 கிராம். உடல் 700, 540 வகை மோட்டார் 170, பேட்டரி 700 முதல் 750, ஷாஃப்டும் ப்ரொப்பல்லரும் 80, சுக்கானைத் திருப்பும் சர்வோ, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி சேர்ந்து 100, மேலே கட்டும் வீல்ஹவுஸ் (படகோட்டியின் அறை) 150 என்று போட்டால் ஏறத்தாழ 1,900 கிராம் வருகிறது. அப்படியென்றால் படகு 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீருக்குள் உட்காரும். விசைப்படகு இன்னும் சற்று ஆழமாக உட்கார்ந்தால்தான் பார்க்க நிஜமாகத் தெரியும் என்பதால், கடைசியில் ஈயமோ இரும்பு நட்டுகளோ அடியில் போட்டு 2.6, 2.7 கிலோவுக்குக் கொண்டுபோவோம், அப்போது 3 சென்டிமீட்டர் முங்கும், 7 சென்டிமீட்டர் வெளியே நிற்கும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு பொருளையும் சமையல் தராசில் நிறுத்தி அதன் எதிரே உண்மையான எடையை எழுதிக்கொண்டே போங்கள்.

திரும்பும்போது கவிழ்ந்துவிடாதா?

அகலம் போதாமல் இருந்தால் கவிழும். இது பலர் கோட்டைவிடும் இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படகு சாயும்போது எந்தப் புள்ளியைச் சுற்றி ஆடுவதுபோல் நடந்துகொள்கிறதோ அந்தப் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். படகின் மொத்த எடையின் மையம் அதற்குக் கீழே இருக்கும்வரை சாய்ந்த படகு தானே நிமிரும், மேலே போய்விட்டால் கவிழ்ந்துவிடும். செங்கல் வடிவப் பெட்டி என்று வைத்துக்கொண்டால், அடித்தட்டிலிருந்து அந்தப் புள்ளியின் உயரம் இவ்வளவுதான்: முங்கிய ஆழத்தில் பாதி, அதோடு அகலத்தின் வர்க்கத்தை முங்கிய ஆழத்தின் 12 மடங்கால் வகுத்த விடை. 20 சென்டிமீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 1.5 கூட்டல் 11.1, மொத்தம் 12.6 சென்டிமீட்டர். நம் படகின் உயரமே 10 என்பதால் பயமே இல்லை. அதே எடையை 10 சென்டிமீட்டர் அகலப் படகில் ஏற்றினால் 6 சென்டிமீட்டர் முங்கும், அந்தப் புள்ளி 4.4-க்கு இறங்கிவிடும், பேட்டரியைக் கொஞ்சம் உயரத்தில் வைத்தாலும் படகு சாய்ந்து போய்விடும். அகலத்தில் கைவைக்காதீர்கள்.

கனமானது எல்லாம் அடித்தட்டில், வீல்ஹவுஸ், பாய்மரக் கம்பம், விளக்கு எல்லாம் முடிந்தவரை லேசாக. இன்னொன்று, உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் அது சாய்கிற பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும், ஒரு டம்ளர் தண்ணீரே போதும். அதனால் உள்ளே குறுக்காக இரண்டு தடுப்புச் சுவர்கள் வையுங்கள்.

எந்த மோட்டார் வாங்குவது? மஞ்சள் கியர் பெட்டி மோட்டார் போதாதா?

அந்த மஞ்சள் பிஓ மோட்டார் சக்கரம் வைத்த ரோபோவுக்குச் சரி. நிமிடத்துக்கு 100 முதல் 300 சுற்று சுற்றுவதை வைத்துக்கொண்டு சின்ன ப்ரொப்பல்லரால் தண்ணீரைத் தள்ள முடியாது. 540 வகை பிரஷ் மோட்டார், 6 வோல்ட், 35 மில்லிமீட்டர் மூன்று இலை ப்ரொப்பல்லர் என்பது இந்த அளவுக்கு நிதானமான, நம்பகமான ஜோடி. மோட்டார் முனைகளில் 104 என்று எழுதியிருக்கும் கெபாசிட்டர் மூன்று வைத்துப் பற்றவையுங்கள்: ஒன்று இரண்டு முனைகளுக்கும் நடுவில், மற்ற இரண்டும் ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் இரும்பு உடலுக்கு. பிரஷ் தீப்பொறி ரேடியோவைக் கலைப்பதை இது குறைக்கும்.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியை வாங்கும்போது முன்னும் பின்னும் ஓடும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். விமானத்துக்குச் செய்த இஎஸ்சியில் பெரும்பாலும் ரிவர்ஸ் இருக்காது, படகை நிறுத்த ரிவர்ஸைத் தவிர வேறு பிரேக் கிடையாது. சில இஎஸ்சிகளில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்ன ஜம்பர் இருக்கும். அதை லிப்போவில் (லித்தியம் பாலிமர் பேட்டரி) வைத்துவிட்டு 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை மாட்டினால், பேட்டரி காலி என்று நினைத்து மோட்டாரை நிறுத்திவிடும். "புது இஎஸ்சி, ஓடவே மாட்டேன்கிறது" என்று வரும் புகார்களில் இதையும் பாருங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் வயரில் பைக்குக்குப் போடும் 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம். பாசி சுற்றி ப்ரொப்பல்லர் நின்றுபோனால் ஃபியூஸ் போகட்டும், வயர் எரிய வேண்டாம்.

பேட்டரி?

எமர்ஜென்சி விளக்கிலும் கடைத் தராசிலும் இருக்கும் 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியே முதல் படகுக்கு நல்லது. கனம்தான், ஆனால் நமக்கு அடியில் கனம் வேண்டும் என்பதால் அது வீண்போகாது. நிதானமாக ஓட்டினால் முக்கால் மணி நேரம் தாங்கும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரலாம் என்பதால் மூடிய படகுக்குள் வைத்து சார்ஜ் போடக்கூடாது.

லிப்போ லேசானது, வேகப் படகுக்கு அதுதான் சரி. ஆனால் எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் வேண்டும், ஒரு செல் 3.3 வோல்ட்டுக்குக் கீழே போகவிடக்கூடாது, உப்பிப்போன பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது, ஆள் இல்லாத அறையில் சார்ஜ் போடக்கூடாது. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த 18650 செல்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் ஏறுகிறது, என்ன செய்தாலும் நிற்கவில்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் கிரீஸ் பிரச்சினை இல்லை, குழாய் வைத்த கோணம்தான் பிரச்சினை. குழாயின் உள்முனை நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் தண்ணீர் குழாய்க்குள் வந்தாலும் படகுக்குள் கொட்டாது, அவ்வளவுதான் சூத்திரம். 4 மில்லிமீட்டர் எவர்சில்வர் ஷாஃப்ட், அதற்கு 6 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய், இரண்டு முனையிலும் லேத்தில் கடைந்த பித்தளை புஷ், 20 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளம். குழாய் முழுக்க கிரீஸை அடைத்துவிட்டு ஷாஃப்டைச் சொருகுங்கள். கோயம்புத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு லேத் பட்டறை தெருவுக்குத் தெரு இருக்கும், மற்ற ஊர்களில் பம்ப் ரிப்பேர் செய்யும் இடத்தில் கேளுங்கள். ரொம்ப எளிமையாக வேண்டுமென்றால் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை ஷாஃப்டாகப் போட்டு ஒரு சின்ன மோட்டாரில் ஓட்டலாம், 540 மோட்டாருக்கு அது தாங்காது.

மோட்டாரும் ஷாஃப்டும் நேர்கோட்டில் இருப்பது இன்னொரு தலைவலி. மோட்டாரை ஒட்டும்போது, இரண்டையும் இணைக்கும் வளையும் மூட்டான யுனிவர்சல் ஜாயின்டை மாட்டாமல், இரண்டையும் சேர்த்து ஒரு நேரான குழாய்த் துண்டைப் போட்டுவிடுங்கள், அது தானாகவே நேராகப் பிடித்துக்கொள்ளும். எம்-சீல் ஒருநாள் இறுகியபின் குழாயைக் கழற்றிவிட்டு ஜாயின்டை மாட்டலாம். ஓடும்போது கடகடவென்று சத்தம் வந்தால் நேராக இல்லை என்று அர்த்தம், பேட்டரியில் பாதி அந்தச் சத்தத்திலேயே போய்விடும்.

சுக்கான் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

தண்ணீருக்குள் இருக்கும் பக்கவாட்டுப் பரப்பில் 5 சதவீதத்துக்குச் சற்று மேலே. நம் படகில் 60 × 3 என்றால் 180 சதுர சென்டிமீட்டர், ஆக 3 × 4 சென்டிமீட்டர் தகடு தாராளம். ப்ரொப்பல்லருக்கு நேர் பின்னால் வையுங்கள், அது தள்ளும் தண்ணீர் தகட்டில் அடித்தால்தான் மெதுவாகப் போகும்போதும் திரும்பும். 35 டிகிரிக்கு மேல் திருப்பினால் பிரேக் மாதிரிதான் வேலை செய்யும். ரிவர்ஸில் சுக்கான் சரியாகக் கேட்காது, பின்னால் போகும்போது சுக்கானுக்கு அந்தத் தள்ளும் தண்ணீர் கிடைக்காது என்பதுதான் காரணம், பழுது அல்ல. சர்வோவுக்கு எம்ஜி90எஸ் போதும்.

ஆர்டுயினோவும் புளூடூத்தும் வைத்து மொபைலில் ஓட்டலாமா?

தொட்டியில் ஓட்டலாம். எச்.சி.-05 (HC-05) மாதிரி புளூடூத் மாட்யூல் எட்டுவது 10 மீட்டர் அளவுக்குத்தான், ஏரியில் அது கரையை விட்டுக் கிளம்பிய உடனே தீர்ந்துவிடும். வைஃபை இன்னும் கொஞ்சம் போகும், ஆனால் இணைப்பு விட்டால் மறுபடி சேர எடுக்கும் நேரத்தில் படகு எங்கோ போயிருக்கும். படிப்பதற்காகச் செய்கிறவர்கள் அதையும் செய்து பாருங்கள், அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நம்பி நடுத்தண்ணீருக்கு அனுப்ப 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வாங்குங்கள், ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போல ஆறு சேனல் இருந்தால் ரொம்ப காலத்துக்கு வரும். இந்தப் பட்டையில் குறைந்த சக்தியில் ஒலிபரப்ப இந்தியாவில் உரிமம் தேவையில்லை. மொத்தச் செலவில் பெரிய பங்கு இதுதான், ஆனால் அடுத்து எத்தனை படகு கட்டினாலும் இதே ரேடியோதான். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது, மற்றவர்கள் ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

வாங்கிய உடனே செய்ய வேண்டியது ஃபெயில்சேஃப் அமைப்பது. சிக்னல் போனால் மோட்டார் நிற்க வேண்டும், சுக்கான் நடுவில் வர வேண்டும். அமைத்துவிட்டுப் படகைக் கையில் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் தொடர்ந்து சுற்றினால் அந்தப் படகை எக்காரணம் கொண்டும் ஏரியில் விடாதீர்கள். வழக்கமாக ரிமோட்டைத்தான் முதலில் போட வேண்டும், கடைசியில் அணைக்க வேண்டும்.

ரிசீவர் நனையாமல் எப்படி வைப்பது?

ஒரு பலூனுக்குள் போட்டு வாயை ஜிப் டையால் இறுக்கிக் கட்டுங்கள், இதைவிட மலிவான வழி கிடையாது. ஆன்டெனா வயரை மட்டும் மேல்தட்டுக்கு மேலே நிமிர்த்தி ஒரு ஸ்ட்ராவுக்குள் விடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது, நீர்மட்டத்துக்குக் கீழே ஆன்டெனா கிடந்தால் தூரம் படுமோசமாகக் குறையும்.

எப்படி, எந்த வரிசையில் சோதித்துப் பார்ப்பது?

வெறும் உடல் ஒட்டி முடித்த அன்றைக்கே தொட்டியில் மிதக்கவிடுங்கள், பெயின்ட் அடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். துணி துவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப், பம்ப்செட் தொட்டி எதுவானாலும் சரி. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ, அரை லிட்டர் அரை கிலோ. பேட்டரி வரும் இடத்தில் ஒன்று, மோட்டார் வரும் இடத்தில் ஒன்று என்று வைத்து 2 கிலோ ஏற்றி, தண்ணீர் எங்கே தொடுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். தாளில் போட்ட கணக்கும் இந்தக் கோடும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். பிறகு உள்ளே செய்தித்தாள் துண்டுகளைப் பரப்பி ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள், காலையில் எந்த மூலைத் தாள் நனைந்திருக்கிறதோ அங்கேதான் ஒழுகல்.

ஷாஃப்ட் குழாயும் சுக்கான் குழாயும் ஒட்டியபின் இதையே இன்னொரு முறை. புதிதாகத் துளை போட்டால் மறுபடி ஒரு மிதப்பு என்று பழக்கமே ஆக்கிக்கொள்ளுங்கள். மின்சாதனங்களை முதலில் மேஜைமேல் பரப்பி இணைத்து ஓட்டிப் பாருங்கள், ரிமோட்டில் வலது என்றால் சுக்கான் வலதுதான் போகிறதா என்பது உட்பட. அதன்பின் படகில் பொருத்துங்கள்.

அடுத்தது இழுவைச் சோதனை, எனக்கு ரொம்பப் பிடித்தது. படகைத் தொட்டியில் வைத்து, பின்பக்கத்தில் கயிறு கட்டி, பெட்டி எடைபோடும் தூக்குத் தராசில் மாட்டி மெல்ல ஆக்ஸிலரேட்டரைக் கூட்டுங்கள். இந்த அளவுப் படகு 200 கிராம் இழுத்தாலே நன்றாக ஓடும். அதே நேரத்தில் மீட்டரில் ஆம்பியர் பாருங்கள். நிற்கும் படகு ஓடும் படகைவிட அதிகக் கரண்ட் இழுக்கும் என்பதால், இங்கே ஃபியூஸ் தாங்கினால் ஏரியிலும் தாங்கும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு மோட்டாரைத் தொடுங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் ப்ரொப்பல்லர் பெரிது, ஒரு சைஸ் குறையுங்கள். வோல்ட்டைக் கூட்டி வேகம் பார்க்க ஆசைப்படுபவர்கள் இந்தச் சோதனையைச் செய்தபிறகு ஆசைப்படுங்கள்.

ரேடியோ தூரத்தைத் தரையிலேயே பாருங்கள். படகைத் தரையில் வைத்துவிட்டு நண்பர் பக்கத்தில் நிற்க, நீங்கள் ரிமோட்டோடு மைதானத்தின் மறுகோடிக்கு நடந்து சுக்கானை ஆட்டுங்கள். நீங்கள் ஓட்ட நினைக்கும் தூரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு வேலை செய்ய வேண்டும். இதெல்லாம் சரியென்றால் ஏரி. அங்கேயும் முதல் ஓட்டத்தில் வீல்ஹவுஸ் உச்சியில் ஒரு மெல்லிய மிதக்கும் கயிறு கட்டிக்கொள்ளுங்கள், அமரத்தில், அதாவது பின்பக்கத்தில், கட்டினால் ப்ரொப்பல்லர் சுற்றிக்கொள்ளும். ஐந்து நிமிடம் ஓட்டி, கரைக்கு எடுத்து, மூடியைத் திறந்து, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்த்தபின் கயிற்றை அவிழ்க்கலாம்.

நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் பார்க்கப் பொம்மை மாதிரி துள்ளுகிறது. ஏன்?

அதிவேகம். அளவைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும், ஆனால் அதே விகிதத்தில் அல்ல. இதை ஒழுங்காகக் கண்டுபிடித்துச் சொன்னவர் வில்லியம் ஃபுரூட், 1870களில் இங்கிலாந்தின் டார்க்கியில் நீளமான தொட்டி கட்டி மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்தவர். சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையில் இருக்கும் இழுவைத் தொட்டியும் அதே வழிதான். அளவு 25-ல் ஒன்று என்றால் வேகம் 25-ன் வர்க்கமூலமான 5-ல் ஒன்று. எடை 25 × 25 × 25, அதாவது 15,625-ல் ஒன்று. 15 மீட்டர் விசைப்படகு 9 நாட் வேகத்தில் போகிறது என்றால் நம் 60 சென்டிமீட்டர் படகு 1.8 நாட் போக வேண்டும், அதாவது வினாடிக்கு 0.93 மீட்டர். அந்தப் படகின் எடை 40 டன் என்று வைத்துக்கொண்டால் நமக்கு 2.56 கிலோ. மேலே 2.6 கிலோ என்று சொன்னது இதனால்தான். கரையில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நட்டு, மொபைல் ஸ்டாப்வாட்சில் பாருங்கள், 11 வினாடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். காற்று ஒரு பக்கம் தள்ளும் என்பதால் போகவும் வரவும் எடுத்துச் சராசரி பார்க்கணும்.

இந்த உடல்வாகு உள்ள படகுக்கு இயற்கையான வேக எல்லையும் ஏறக்குறைய அதேதான். நீளத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 1.25-ஆல் பெருக்கினால் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும், 60 சென்டிமீட்டருக்கு 0.97. அதற்குமேல் எவ்வளவு சக்தி கொடுத்தாலும் பின்பக்கம் அமுங்கி அலைதான் பெரிதாகும். அதைத் தாண்டிப் பறக்க வேண்டுமென்றால் அடி தட்டையான, லேசான, தண்ணீர்மேல் வழுக்கும் வகைப் படகு கட்ட வேண்டும். அதில் எடை மையம் பின்சுவரிலிருந்து நீளத்தில் 30 சதவீதம் அளவில் இருக்கும், மூக்கு துள்ளினால் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள்.

நேராகப் போகாமல் ஒரு பக்கமே இழுக்கிறது.

ஒற்றை ப்ரொப்பல்லர் சுற்றும்போது பின்பக்கத்தைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் தள்ளும், அது இயல்பு. ரிமோட்டில் ட்ரிம், அதாவது சுக்கானின் நடுநிலையைக் கொஞ்சம் நகர்த்தும் பொத்தான், தட்டிச் சரிசெய்யுங்கள். ட்ரிம் முழுக்கப் போயும் இழுத்தால் ஷாஃப்ட் நடுக்கோட்டில் இல்லை அல்லது படகு ஒரு பக்கம் சாய்ந்து உட்காருகிறது. பேட்டரியை அரை சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள்.

எங்கே ஓட்டலாம்?

மழைக்குப்பின் நிறைந்த கண்மாய், ஏரி, கிராமத்துக் குளம். பொதுவான இடம் என்றால் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மீன் குத்தகைக்கு விட்ட குளமாக இருந்தால் குத்தகைக்காரரிடம் கேட்காமல் இறக்காதீர்கள். கோயில் தெப்பக்குளம் வேண்டாம். வேடந்தாங்கல், கூந்தன்குளம் மாதிரி பறவைகள் கூடும் ஏரிகள் வேண்டவே வேண்டாம், சாதாரண ஏரியிலும் கூடு கட்டியிருக்கும் மரங்களின் பக்கம் மோட்டாரை ஓட்டிப் போகாதீர்கள். கிணறு கூடாது. பிளாஸ்டிக் ஷீட் விரித்த பண்ணைக் குட்டையும் கூடாது, அதன் சரிவு வழுக்கும், தவறி விழுந்தால் பெரியவர்களாலேயே ஏற முடியாது.

காற்று எழும்புவதற்கு முன், விடிகாலையில் போங்கள். ஆடிக் காற்றில் வேண்டாம். அப்புறம் முக்கியமான ஒன்று: காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற கரையில் நில்லுங்கள். படகு நடுவில் நின்றுபோனால் காற்றே அதை உங்களிடம் தள்ளிக்கொண்டு வரும்.

நடுத்தண்ணீரில் நின்றுவிட்டால் நீந்திப் போய் எடுத்துவரலாமா?

கூடாது. நீச்சல் தெரிந்தாலும் கூடாது. கண்மாயில் வண்டல் அள்ளிய குழிகள் எங்கே இருக்கின்றன என்று மேலிருந்து தெரியாது, கரையோரம் இடுப்பளவு இருக்கும் தண்ணீர் இரண்டு எட்டில் தலைக்கு மேலே போய்விடும், உள்ளே சீமைக்கருவேல முள்ளும் கிடக்கும். சில ஆயிரம் ரூபாய்ப் படகுக்காக எடுக்கக்கூடிய ஆபத்து இல்லை இது. மேலே சொன்ன மாதிரி நின்றால் காற்று கொண்டுவரும். இல்லையென்றால் தூண்டில் நரம்பின் நுனியில் டென்னிஸ் பந்தைக் கட்டிப் படகைத் தாண்டி எறிந்து மெதுவாக இழுங்கள். அதுவும் எட்டாவிட்டால் பரிசல்காரரையோ மீன்பிடிக்கிறவரையோ கேளுங்கள், காத்திருங்கள். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள், கரைக்குப் போனபின் சொன்னால் காதில் ஏறாது.

படகு முழுகாமல் இருக்க உள்ளே மிதவை கட்டாயம். சன்போர்டு தானே மிதக்கும் என்பதால் பேட்டரி, மோட்டார், ஈயம் இவற்றைத் தாங்க ஒரு லிட்டர் அளவு தெர்மாகோல் போதும், அல்லது மூடி இறுக்கிய ஒரு லிட்டர் காலி பாட்டில். மேல்தட்டை ஒட்டி உயரத்தில் கட்டுங்கள், அடியில் வைத்தால் தண்ணீர் நிறைந்த படகு தலைகீழாக மிதக்கும்.

எங்கள் ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. ப்ரொப்பல்லர் உடனே சிக்கிக்கொள்கிறது.

அப்படியானால் தண்ணீருக்குள் எதுவும் இல்லாத காற்றுப் படகு கட்டுங்கள். தட்டையான அடி, மேலே ஒரு சட்டத்தில் ஏ2212 பிரஷ்லெஸ் மோட்டாரும் விமான ப்ரொப்பல்லரும், அதன் பின்னால் காற்றில் நிற்கும் பெரிய சுக்கான். இதற்கு விமான இஎஸ்சியே சரி. பாசிமேல், மெல்லிய கோரைமேல் எல்லாம் வழுக்கிப் போகும், தாமரை இலை அடர்ந்த இடத்தில் மட்டும் நின்றுவிடும். ரிவர்ஸ் கிடையாது, காற்றடித்தால் திரும்ப மறுக்கும். ப்ரொப்பல்லரைச் சுற்றிக் கம்பிக் கூண்டு போடாமல் பேட்டரியை இணைக்கவே கூடாது, 10 அங்குல ப்ரொப்பல்லர் விரலை வெட்டிவிடும்.

ரிமோட் படகை முதலில் செய்தது யார்?

நிக்கோலா டெஸ்லா. 1898-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் ஒரு தொட்டியில் ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8-ல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் எண் 613,809. அதன் வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பேட்டரியையும் மோட்டாரையும் படகின் அடியில் எப்படி அடுக்கியிருக்கிறார் என்று ஒருமுறை பாருங்கள்.

கடலில் ஓட்டலாமா?

மெரினா அலையில் இந்தப் படகு நிற்காது. அமைதியான கழிமுகத்தில் ஓட்டலாம், ஆனால் உப்புத்தண்ணீர் மோட்டாரையும் சர்வோவையும் அரித்துவிடும், ஷாஃப்டில் கிரீஸ் குறைந்திருந்தால் பித்தளை புஷ் பச்சை பிடிக்கும். ஓட்டினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் வெளிப்பக்கம் முழுக்கக் கழுவி, ஷாஃப்டை உருவித் துடைத்து, புது கிரீஸ் போட்டு மாட்டுங்கள். நல்ல தண்ணீரில் ஓட்டினாலும் வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டு, மேல்தட்டு மூடியைத் திறந்தே ஒருநாள் காயவிடுங்கள். லெட் ஆசிட் பேட்டரியை அன்றிரவே சார்ஜில் போடுங்கள், காலியாகக் கிடந்தால் கெட்டுவிடும். லிப்போவை மட்டும் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வையுங்கள்.